சாவிக்கொத்தின் கனம்

நான் ஓட்டும் கார் பழையது. அண்ணன் பத்து வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அது நடுவழியில் நிற்கத் தொடங்கியது. பாளையங்கோட்டையில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. ஏதாவது ஒன்றில் ஏறி இறங்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டீயரிங் கல்லாக இறுகும். பிரேக்கை இரண்டு மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். ஓரமாக ஒதுக்கிச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மூன்றாவது முறை எனக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது.

வழக்கமாக சர்வீஸ் விடும் இடத்தில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அடுத்த முறை ஸ்பார்க் பிளக். அதற்கடுத்த முறை எதையும் மாற்றவில்லை. கிளட்சிலிருந்து காலை எப்படி எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. “சார் ஓட்டினா நிக்கலையே மேடம்” என்பதோடு அந்த விசாரணை முடிந்தது.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு, சாவியில் தொங்கிய கொத்தை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்தார். வண்டி அணைந்தது. “அண்ணாச்சி ஓட்டும்போது ஸ்பேர் சாவி போட்டிருப்பாங்க, இல்லையா?” என்றார். ஆமாம், அவரிடம் இருப்பது ஒற்றைச் சாவி. என் கொத்தில் பதினொன்று: எங்கள் வீடு, அம்மா வீடு, இரண்டு பீரோ, ஸ்கூட்டர், துறை அறை, நூலக அலமாரி, விடைத்தாள் பெட்டி என்று போகும் பட்டியல். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியைப் பிரித்து, சாவித் துளைக்குப் பின்னால் இரண்டு திருகில் நிற்கும் சுவிட்சை எடுத்துப் புதியதை மாட்ட அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பழையதைப் பிரித்து உள்ளே காட்டினார். செப்புத் தகடு தேய்ந்து கறுத்திருந்தது, சாவியை அந்தந்த நிலையில் பிடித்து நிறுத்தும் பள்ளமும் மழுங்கியிருந்தது.

என் கோபம் தணிய நாளானது. தணிந்த பிறகு இந்த உதிரிபாகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஒரு சாட்சியம் எப்போது சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, யார் சொன்னால் அது வெறும் புலம்பலாகிவிடுகிறது என்பதுதான் நான் பல வருடங்களாக வகுப்பறையில் பேசிவரும் விஷயம்.

காரைக் கிளப்புவது என்ற காரியத்தில் பெண்கள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவருடைய மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரம். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததும், பற்றவைப்புக் கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியை அதில் சுற்றி மின்கசிவைத் தடுத்ததும் அந்தப் பயணத்தின் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. பழைய வண்டியின் இக்னிஷன் பழுதைச் சாலையோரத்தில் சரிசெய்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அன்று எல்லா வண்டியும் புதிய வண்டிதான் என்பது வேறு விஷயம். திருமணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தை அந்தத் தொழிலில் போட்டுக் காப்பாற்றியவரும் அவர்தான். காப்புரிமை கணவர் பெயரில் இருந்தது.

அடுத்த கால் நூற்றாண்டு கார்களை முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும், தாடை உடையும். பெட்ரோல் வண்டி ஆணுக்கு, மின்சார வண்டி பெண்ணுக்கு என்று அமெரிக்க விளம்பரங்கள் பிரித்துவைத்த காலம் அது. உலகத்துக்கே பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சார வண்டி. 1912ஆம் ஆண்டு காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அது எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. டெட்ராய்டின் பெல் ஐல் பாலத்தில் வண்டி நின்றுபோய்த் தவித்த ஒரு பெண்ணுக்கு உதவப்போன பைரன் கார்ட்டர் என்பவர் கைப்பிடி உதைத்துக் காயப்பட்டு இறந்தார் என்றும், அவருடைய நண்பரான காடிலாக் தலைவர் ஹென்றி லெலண்ட் மனம் நொந்து மாற்று வழி தேடச் சொன்னார் என்றும் போகும் கதை. 1908இல் இறந்துபோன கார்ட்டரை 1910இன் குளிர்காலத்தில் பாலத்தில் நிறுத்தும் வடிவங்களும் இருப்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை முழுவதும் நம்புவதில்லை. எனக்கு இதில் வேறொன்று கண்ணில் படுகிறது. கார்ட்டருக்குப் பெயர் உண்டு, லெலண்டுக்குப் பெயர் உண்டு, நகரத்துக்கும் பாலத்துக்கும் பெயர் உண்டு. வண்டி நின்றுபோன பெண்ணுக்குப் பெயரில்லை. அவள் அங்கே நின்றதால் ஓர் ஆண் செத்தான், அவ்வளவுதான் அவள் கதை.

ஸ்டார்ட்டர் வந்ததும் அதைப் பெண்களுக்கான வசதி என்று கேலியும் செய்தார்கள், விற்கவும் செய்தார்கள். கைப்பிடி சுற்ற விரும்பாத ஆண்களும் அந்த வசதியை வாங்கிக்கொண்டார்கள். பின்னர் வெகுநாள் சாவி ஒன்று, ஸ்டார்ட்டர் பொத்தான் வேறு என்றே இருந்தது. ஒரே சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பும் முறையை கிரைஸ்லர் 1949இல் கொண்டுவந்தது. இருபது ஆண்டு கழித்து, திருட்டைத் தடுக்கும் பூட்டோடு சேர்த்துச் சாவித் துளையை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது ஜெனரல் மோட்டார்ஸ். அதாவது சாவிக்கொத்து ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து தொங்கத் தொடங்கியது. முக்கியமாகச் சொல்லவேண்டிய கதை இங்கிருந்துதான்.

1990களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறிய கார்களுக்கென்று ஒரு புதிய இக்னிஷன் சுவிட்சை வடிவமைத்தது. உதிரிபாகத்தைச் செய்து கொடுத்தது டெல்ஃபி. சுவிட்சுக்குள் ஒரு சிறிய ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கும். சாவி ஒவ்வொரு நிலைக்கு வரும்போதும் ஊசி ஒரு பள்ளத்தில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு நிறுவனமே ஓர் அளவு வைத்திருந்தது: குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர். சோதனையில் இந்தச் சுவிட்சுக்குக் கிடைத்தது 4 முதல் 10 வரை. வடிவமைப்புப் பொறுப்பிலிருந்த பொறியாளர் ரேமண்ட் டிஜார்ஜியோ அதை 2002இல் அப்படியே ஏற்றுக்கொண்டார். வேறு கோளாறுகளாலும் அது அவரை அலைக்கழித்திருந்தது. ‘நரகத்திலிருந்து வந்த சுவிட்சால் களைத்துப்போனவன்’ என்று ஒரு மின்னஞ்சலில் தம் பெயரோடு சேர்த்துக் கையெழுத்திட்டார்.

அந்தச் சுவிட்ச் முதலில் சாட்டர்ன் அயானிலும், பிறகு 2005ஆம் ஆண்டு மாடலாக வந்த செவர்லே கோபால்ட்டிலும் பொருத்தப்பட்டது. விலை குறைந்த வண்டிகள். முதல் வேலைக்குப் போகும் பெண், கல்லூரி மாணவன், மகளுக்கு முதல் கார் வாங்கிக்கொடுக்கும் பெற்றோர் ஆகியோர் வாங்கியவை. மேடு பள்ளத்தில் குலுங்கினாலோ, கனத்த கொத்து இழுத்தாலோ, முழங்கால் இடித்தாலோ சாவி ‘ஓடு’ என்ற நிலையிலிருந்து வானொலி மட்டும் பாடும் ‘ஆக்சசரி’ நிலைக்கு நழுவிவிடும். எஞ்சின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும், பிரேக்குக்கான உதவி விசை குறையும். இதோடு ஏர்பேக்கும் விரியாது. இந்தக் கடைசிச் செய்தியை நிறுவனத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் இணைத்துப் பார்க்கவில்லை. எஞ்சின் அணைவதை அவர்கள் பாதுகாப்புப் பிரச்சினையாக எண்ணவில்லை. வாடிக்கையாளருக்கு ஏற்படும் சிறு அசௌகரியம் என்றே வகைப்படுத்தினார்கள். பெண்கள் சொல்லும் வலி எந்தப் பெட்டியில் போடப்படும் என்று மருத்துவமனை வரிசையில் நின்ற யாருக்கும் இந்தச் சொல் புதிதாக இருக்காது.

2005 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கார் விமர்சகர் எழுதினார்: சோதனைக்கு வந்த கோபால்ட்டை அவர் மனைவி நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது முழங்கால் ஸ்டீயரிங் தண்டில் இடித்தது, வண்டி அணைந்துவிட்டது. நிறுவனத்தின் பதில், இது அபூர்வம், அப்போதும் வண்டியை ஓட்டுநர் கட்டுப்படுத்த முடியும் என்பது. ஓட்டியவர் மனைவி, எழுதியவர் கணவர். அவர் பத்திரிகைக்காரராக இல்லாதிருந்தால் இது அச்சிலேயே வந்திருக்காது.

அதே ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே வேலை செய்த ஒரு பெண் சக ஊழியர்கள் பலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் ஓட்டியது கோபால்ட் அல்ல, இம்பாலா. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாலையில் ஒரு குலுங்கல், வண்டி அணைந்தது, பின்னால் வந்த வண்டி விலகித் தப்பியது. இது கடுமையான பாதுகாப்புப் பிரச்சினை, பெரிய அளவில் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும் என்று தெளிவாக எழுதியிருந்தார். சுவிட்சின் வடிவமைப்பாளர் பதில் அனுப்பினார்: தாமும் அண்மையில் ஓர் இம்பாலாவை ஓட்டியதாகவும், தமக்கு அப்படி நேரவில்லை என்றும். இந்த வரியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் சொன்ன ரீகால் வந்தது, ஒன்பது வருடம் கழித்து. 2014 ஜூனில் இம்பாலா உட்பட முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் சாவிப் பிரச்சினைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

நிறுவனம் 2005லேயே ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. உள்விசாரணை நடத்தியது. வலுவான சுவிட்ச், சாவியின் வடிவ மாற்றம் என்று சில தீர்வுகளை எடைபோட்டு, எதற்கும் ஏற்கத்தக்க வணிக நியாயம் இல்லை என்று கோப்பை மூடியது. பிறகு அந்த டிசம்பரில் விற்பனையாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. அதன் சாரம் இது: சாவி தானாகத் திரும்பிவிட வாய்ப்புண்டு, ஓட்டுநர் குள்ளமானவராகவும், பெரிய அல்லது கனத்த சாவிக்கொத்து வைத்திருப்பவராகவும் இருந்தால் இது அதிகம் நேரும், தேவையற்றவற்றைக் கொத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். சாவித் தலையில் இருக்கும் நீள்துளையைச் சிறிய வட்டமாக்கும் ஒரு பிளாஸ்டிக் செருகியும் உண்டு. கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கலாம். கேட்டுப் பெற்றவர்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு. ‘அணைந்துவிடும்’ என்ற சொல்லைச் சுற்றறிக்கையில் கவனமாகத் தவிர்த்திருந்தார்கள். அந்தச் சொல் இருந்தால் அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை எட்டிப்பார்க்கும்.

குள்ளமான ஓட்டுநர். கனத்த சாவிக்கொத்து. இந்த இரண்டு சொற்களும் பாலைக் குறிப்பிடவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஆணின் சராசரி உயரத்துக்கும் பெண்ணின் சராசரி உயரத்துக்கும் ஐந்தங்குலத்துக்கு மேல் இடைவெளி. குள்ளமானவர் இருக்கையை முன்னால் தள்ளி, ஸ்டீயரிங்கைத் தாழ்த்தித்தான் உட்கார முடியும். முழங்கால் சாவியைத் தொடும். கொத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சாவிக்கொத்து வீட்டு அதிகாரத்தின் அடையாளம் என்று படித்திருக்கிறோம். அது அதிகாரமா, அல்லது யார் எதைக் கேட்டாலும் எழுந்துபோய்த் திறந்துவிட வேண்டிய வேலையா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. என் கொத்தில் இருக்கும் பதினொன்றில் எனக்கு மட்டுமே சொந்தமானதைத் திறப்பது ஒன்றுகூட இல்லை. ‘தேவையற்றவற்றை எடுத்துவிடுங்கள்’ என்று எழுதியவர் எதைத் தேவையற்றது என்று நினைத்திருப்பார்? உடலும் அதன் சுமையும்தான் பிழை, பொருள் சரியாக இருக்கிறது என்பது அந்த அறிக்கையின் இலக்கணம்.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் கலங்கடித்தது. 2006 ஏப்ரலில் டிஜார்ஜியோ சுவிட்சை மாற்ற ஒப்புதல் கொடுத்தார். ஊசி நீளமானது, ஸ்பிரிங் வலுவானது. கோளாறு ஒருவகையில் தீர்ந்தது. ஆனால் உதிரிபாக எண் மாற்றப்படவில்லை. எண்ணும் பெயரும் பழையது, உள்ளே வேறு பொருள். சுவடிப் பதிப்போடு பழகியவர்களுக்கு இதன் கொடுமை சட்டென்று புரியும். ஒரு பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்திவிட்டு, அடிக்குறிப்பும் போடாமல், பதிப்பு எண்ணையும் மாற்றாமல் அச்சிட்டுவிட்டால் முந்தைய பாடத்தில் பிழை இருந்தது என்பதற்கே தடயம் இல்லாமல் போகும். புதிய கார்களில் விபத்து குறைந்தது ஏன் என்று தேடிய நிறுவனத்தின் விசாரணையாளர்களே ஏழு வருடம் குழம்பினார்கள். பழைய வண்டிகள் பழைய சுவிட்சோடு சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்குக்கும் கையிலிருப்பது எந்தச் சுவிட்ச் என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இதை அம்பலமாக்கியது ஒரு தாயும் தந்தையும். ஜார்ஜியா மாநிலத்தில் குழந்தைகள் நலச் செவிலியராக இருந்த அவர்களுடைய மகளின் 2005 கோபால்ட் ஓடும்போதே அணைந்தது. விற்பனையாளரிடம் கொண்டுபோனார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு வந்த மறுநாள், 2010 மார்ச் 10, அவருடைய 29ஆம் பிறந்தநாள். மழைச் சாலையில் வண்டி சறுக்கி எதிரே வந்த காரில் மோதி இறந்தார். மழையில் நிதானமின்றி ஓட்டினார் என்பதே முதல் முடிவு. மகள் அப்படி ஓட்டுபவள் அல்ல, வண்டி நின்றதை அவளே சொல்லியிருந்தாள் என்பதுதான் பெற்றோரிடம் இருந்த ஆதாரம். வழக்கறிஞர் லான்ஸ் கூப்பர் வண்டியின் கறுப்புப் பெட்டியை எடுத்துப் பார்த்தபோது, மோதலின்போது சாவி ஆக்சசரி நிலையில் இருந்தது தெரிந்தது. அவர் அமர்த்திய பொறியாளர் மார்க் ஹூட் ஏறக்குறைய 30 டாலருக்கு ஒரு புதிய சுவிட்சை வாங்கி, இறந்தவரின் வண்டியில் இருந்ததோடு வைத்து ஒப்பிட்டார். ஒரே எண் கொண்ட இரண்டு பொருள்கள், ஊசியில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசம். பாடபேதம் கண்டுபிடிக்கப்பட்டது 2013இல். மகள் சொன்னது உண்மை என்று நிரூபிக்க அந்தப் பெற்றோருக்கு மூன்று வருடமும் எக்ஸ்ரே படமும் தேவைப்பட்டன.

தேடியிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் மூன்று இளம்பெண்கள் போன கோபால்ட் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது, இருவர் இறந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவலர் ஒருவர், சாவி ஆக்சசரி நிலைக்குப் போயிருப்பதையும் ஏர்பேக் விரியாததையும் சேர்த்துப் பார்த்து, 2005 சுற்றறிக்கையையும் தேடியெடுத்து, 2007 பிப்ரவரியிலேயே எழுதிவைத்தார். அறிக்கை நிறுவனத்தின் கோப்புக்குள் போயிற்று, யாரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. ஒரு காவலருக்கு எட்டிய காரணம் நூற்றுக்கணக்கான பொறியாளர்களுக்கு எட்டவில்லை என்றால், அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்பது பொருளல்ல. காவலர் பெண்களின் வண்டியைப் பார்த்தார், மற்றவர்கள் பெண்களைப் பார்த்தார்கள். வயது 17, பெல்ட் போட்டிருந்தாளா, வேகமாகப் போனாளா, குடித்திருந்தாளா என்ற கேள்விகள் முன்னால் வந்து நிற்கும்போது சுவிட்ச் பின்னால் போய்விடுகிறது. 2005 ஜூலையில் மேரிலாந்தில் இறந்த 16 வயதுப் பெண் உண்மையிலேயே குடித்திருந்தாள், வேகமாகவும் போனாள். அதனால் அவளுடைய ஏர்பேக் ஏன் விரியவில்லை என்ற கேள்வி செல்லாததாகிவிடுமா? அவளைப் பெற்ற தாய் விடாமல் கேட்டார். மற்றக் குடும்பங்களைத் தேடிச் சேர்த்தார். 2014 ஏப்ரலில் இறந்தவர்களின் படங்களோடு அவர்கள் வாஷிங்டனில் நின்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறந்தவர்கள் எல்லோரும் பெண்கள் அல்ல. ஆண்களும் உண்டு, முதியவர்களும் உண்டு. பெண்களைக் கொல்ல யாரும் சுவிட்ச் செய்யவில்லை. நான் சொல்வது வேறு. ஓட்டுநரின் மேல் பழி போடுவதற்கான சொற்கள் பெண்களின் விஷயத்தில் ஏற்கனவே தயாராக இருந்தன; அவை பிறகு எல்லோருக்கும் பயன்பட்டன.

சொற்கள் என்றதும் இன்னொரு ஆவணம். 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஊழியர்களுக்கு நடத்திய பயிற்சியில், பாதுகாப்பு அறிக்கைகளில் எழுதக்கூடாத 69 சொற்களைப் பட்டியலிட்டது. ‘குறைபாடு’ கூடாது. ‘ஆபத்தான’ கூடாது. ‘பிரச்சினை’ கூடாது, ‘விஷயம்’ என்று எழுத வேண்டும். மரணப்பொறி, நரகத்தீ, டைட்டானிக், உருளும் கல்லறை எல்லாம் பட்டியலில் இருந்தன. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கும். இந்தப் பட்டியலில் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று முதுகலை மாணவிகளிடம் சொன்னபோது சிரித்தார்கள். தடைசெய்யப்பட்ட சொற்களில் ‘விதவையாக்கி’ என்பதும் ஒன்று. பெண் நினைவுக்கு வரும் ஒரே இடம், அங்கேயும் ஓட்டுநராக இல்லை, செத்தவனின் மனைவியாக. அதையும் அடித்துவிட்டார்கள்.

2014 ஜனவரி 15 அன்று மேரி பாரா அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரானார். உலகின் பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். 18 வயதில் அங்கே பயிற்சி மாணவியாகச் சேர்ந்த மின்பொறியாளர். அவருடைய தந்தையும் அங்கே தொழிலாளி. ஒரு மாதத்துக்குள் முதல் ரீகால் அறிவிப்பு. அது விரிந்து 26 லட்சம் வண்டிகளாயிற்று. ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுக்களின் முன் உட்கார்ந்தார். கீழவை உறுப்பினர் டயானா டிகெட், இந்தச் சுவிட்சைச் சரிசெய்ய ஒரு வண்டிக்கு 57 சென்ட் போதுமாயிருந்தது என்றார். மறுநாள் செனட்டர் பார்பரா பாக்ஸர், ஒரு பெண்ணாக இன்னொரு பெண்ணிடம் சொல்கிறேன், மிகவும் ஏமாற்றமடைந்தேன் என்றார்.

அந்த வாக்கியத்தைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பன்னிரண்டு வருடம் சுவிட்சைப் பற்றி முடிவெடுத்த ஆண்களில் யாரிடமும் யாரும் ‘ஆணுக்கு ஆண்’ என்று பேசவில்லை. வீடு இடிந்து விழும் நேரத்தில் மட்டும் பெண்ணிடம் சாவியைக் கொடுப்பது பழைய வழக்கம் என்றார் ஒரு தோழி. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பாரா வெளியிலிருந்து வந்தவர் அல்ல. 2011 முதல் வாகன வடிவமைப்பு முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர். குறையைப் பற்றி 2014 ஜனவரி கடைசியில்தான் தமக்குத் தெரிந்தது என்று அவர் சொன்னதை விசாரணை அறிக்கை மறுக்கவில்லை. ஆனால் தெரியாமலிருப்பது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது அவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலூக்காஸ் ஜூனில் கொடுத்த அந்த அறிக்கை இதற்கு ஒரு பெயர் தருகிறது: ‘ஜிஎம் தலையாட்டல்’. கூட்டத்தில் எல்லோரும் ஒரு தீர்வுக்குத் தலையாட்டுவார்கள், வெளியே வந்ததும் ஒருவரும் செய்ய மாட்டார்கள். பதினைந்து பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2015இல் 90 கோடி டாலர் கட்டி நிறுவனம் குற்ற வழக்கை ஒத்திவைத்துக்கொண்டது. தனிமனிதர் எவர்மீதும் குற்ற வழக்கு வரவில்லை.

இழப்பீட்டு நிதியை நடத்திய கென்னத் ஃபைன்பர்க் ஒரு விதியை முதலிலேயே அறிவித்தார்: ஓட்டியவர் குடித்திருந்தாரா, வேகமாகப் போனாரா, பெல்ட் போட்டாரா என்பது கணக்கில் வராது, சுவிட்ச் காரணமா என்பது மட்டுமே கேள்வி. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் 124 மரணங்களும் 275 காயங்களும் ஏற்கப்பட்டன. நிறுவனம் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டது 13 மரணங்கள். கேள்வி மாறியதும் எண்ணும் மாறியது.

குற்ற வழக்கு எந்தத் தனிமனிதர்மீதும் வரவில்லை என்றேன். நிறுவனத்தில் யார்மீதும் வரவில்லை. ஆனால் சாட்டர்ன் அயான் ஓட்டிய ஒரு பெண்மீது வந்தது. 2004 நவம்பரில் டெக்சஸில் நடந்த விபத்து. ஓட்டியவருக்கு 21 வயது. பக்கத்தில் இருந்தவர், அவரை மணக்கவிருந்தவர், இறந்தார். நேரான சாலையில் காரணமில்லாமல் வண்டி விலகி மரத்தில் மோதியிருந்தது, சறுக்கிய தடமில்லை, ஏர்பேக் விரியவில்லை. அவர் இரத்தத்தில் பதற்றத்துக்கான மாத்திரையின் சிறு அளவு இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. 2007 அக்டோபரில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார்; ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகப் பணியும் தண்டனை. தான் தான் கொன்றுவிட்டதாக அவரே நம்பினார். அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2007 மே மாதத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் உள் ஆய்வு அந்த வண்டியில் மின்சாரம் போனதுதான் ஏர்பேக் விரியாததற்குக் காரணம் என்று முடிவுக்கு வந்திருந்தது. நீதிமன்றத்துக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை.

2014இல் செய்தி வெளிவந்ததும், அன்று வழக்கை நடத்திய மாவட்ட அரசு வழக்கறிஞரே, இது தெரிந்திருந்தால் குற்றச்சாட்டே பதிவாகியிருக்காது என்று கடிதம் எழுதினார். அந்தப் பெண்ணும் பெண். அந்த நவம்பரில், விபத்து நடந்து பத்து வருடம் கழித்து, நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். அவருக்கு அப்போது 31 வயது.

என் வண்டியின் பழைய சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கொத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன், அதுவும் உண்மை. கார் சாவி தனியாக இருக்கிறது. மற்ற பத்தும் கைப்பையின் அடியில் கிடந்து, ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று துழாவ வைக்கின்றன.